கால்குலேட்டரில் அகப்படும் வேகம்

எம். புதுப்பட்டி, சிவகாசி பக்கத்துப் பட்டாசுக் கடைகளில் பில் போடும் சாதாரண கால்குலேட்டருக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போன்றவைதான் தெரியும். அதை வைத்தே வகைக்கெழுவை, அதாவது ஒரு கணத்தில் ஒன்று மாறும் வேகத்தை, கண்டுவிடலாம்.

ஒரு வானவெடி வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை மறந்துவிட்டால் 2.9 வினாடியில் அதன் உயரம் 74.791 மீட்டர், 3.1 வினாடியில் 76.911. கழித்தால் 2.12. அதை 0.2 ஆல் வகுத்தால் 10.6. மூன்றாம் வினாடி முடியும் கணத்தில் வெடியின் வேகம் அதுதான். நுண்கணிதமும் 40-இலிருந்து, மூன்று வினாடியில் புவியீர்ப்பு குறைக்கும் 29.4-ஐக் கழித்து அதே 10.6-ஐத்தான் தருகிறது.

இரு பக்கமும் சம தூரம் தள்ளி நிற்பதில் இருக்கிறது சூட்சுமம். எக்ஸ் கனத்துக்கு 2-இல் வகைக்கெழு 12. ஒரு பக்கம் மட்டும் 0.001 நகர்ந்தால் 12.006001 வரும், இரு பக்கமும் நகர்ந்தால் 12.000001. அழகான கஞ்சத்தனம்! ஆனால் ஆசைப்பட்டு இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால், 12 இலக்கத் திரைக்கு இரண்டு எண்களும் ஒன்றாகவே தெரியும். விடை 0 என்று கைவிரித்துவிடும்.

பொறியியல் மாணவர்கள் கையில் புழங்கும் காசியோ எஃப்எக்ஸ்-991 கால்குலேட்டரில் வகைக்கெழு காண்பதற்கென்றே வசதி உண்டு. 60 டிகிரியில் சைனின் வகைக்கெழு 0.5 வரவேண்டிய இடத்தில் 0.0087 வந்தால் பதற வேண்டாம். மெஷின் ரேடியனுக்கு மாறாமல் டிகிரியிலேயே நிற்கிறது.