தகப்பன் பங்கு

அரசு சோறு போட்டால் பெற்றவர்களுக்குப் பொறுப்பு போய்விடும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் ஓய்ந்ததே இல்லை. மதிய உணவுக்கு எதிராக எழுந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது இன்னும் உரத்துக் கேட்டது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்ததும் டீக்கடைகளில் மறுபடி கிளம்பியது. தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால், இந்தப் பேச்சு தவறான ஆளைக் கூண்டில் நிறுத்துகிறது என்றே எனக்குப் படுகிறது. உதவி வாங்கும் தாயிடம் நூறு கேள்வி கேட்கிறோம். விட்டுப்போன தகப்பனிடம் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

மதிய உணவின் கதை இந்த மண்ணோடு ஒட்டியது. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் காமராசரின் கார் நின்றதாகவும், மாடு மேய்த்த சிறுவனிடம் பள்ளிக்கூடம் போகலையா என்று அவர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் இன்றும் சொல்வார்கள். நடந்த விதம் எப்படியோ, 1956இல் திட்டம் தொடங்கிய எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கதையில் வரும் சிறுவனின் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று யார் சொல்ல முடியும்? அவன் மாடு மேய்த்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு வேளைச் சோற்றை வெளியே ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பிள்ளையைப் படிக்கவைக்கும் கடமை அவர்கள் கைக்கு எட்டியது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்குப் போட்டு, ஆறு காசை அரசும் நாலு காசை ஊராரும் கொடுத்தார்கள். பெற்றவர், ஊர், அரசு மூவரும் தோள் கொடுத்த அந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதே சேரன்மகாதேவியில்தான் 1920களில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடந்து தமிழ்நாடே கொதித்தது. சத்துணவுக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். சாதி பார்க்கும் பெற்றோர் வீட்டில் ஒருநாளும் கற்றுத்தந்திருக்க மாட்டாத பாடம் அது. அந்த வரிசைக்குள்ளும் சாதி புகுந்த ஊர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர் தெருக்களில் மத்தியானம் நடந்து பாருங்கள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வெட்டி, சுற்றி, கட்டுக்கட்டி, கணக்கு ஒப்படைத்து, இதற்கிடையில் சமைத்துப் பிள்ளையையும் கிளப்பி அனுப்புகிறவர்கள் இவர்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கை நின்றால் காசும் நின்றது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்ததால் இந்தத் தாய்மார்களுக்கு மிஞ்சும் அரைமணி நேரமும் தட்டுக்குத்தான் போகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மகளின் கணக்கில் புதுமைப்பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. படிப்பை நிறுத்தி மகளையும் தட்டின் முன் உட்காரவைக்கும் நெருக்கடியை அது கொஞ்சமாவது தள்ளிப்போடுகிறது. உதவி வாங்கினால் பொறுப்பு போய்விடும் என்பதற்கு இந்தத் தெருக்களில் சான்று இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த உதவிகள் எல்லாமே தாயின் சுமையை இறக்கப் பார்க்கின்றன. தகப்பன் இறக்கிவைத்துவிட்டுப் போன சுமையை அவன் தோளில் திருப்பி ஏற்ற எந்தத் திட்டமும் முயலவில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம். 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. ஆனால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு ஐந்தாண்டாவது கழிந்திருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்குச் சான்று வேண்டும். இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்டவள் எட்டு ஆண்டு என்ன செய்வாள்? பிள்ளைக்குப் பால் வாங்கவேண்டிய வயது முழுவதும் அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய நல்ல திட்டம்தான். தாய் உயிரோடிருக்க, தகப்பன் மட்டும் விட்டுப்போன பிள்ளை அதன் கண்ணில் படாது.

சட்டம் தகப்பனை விடவில்லை என்பது உண்மை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு, பிள்ளைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிடுகிறது. எந்த மதமானாலும், பெற்றோர் மணம் முடிக்காவிட்டாலும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. 500 ரூபாய் உச்சவரம்பு 2001இல் நீங்கியது. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உத்தரவுக்குப் பின்னால்தான் தாயின் அலைச்சல் தொடங்குகிறது. பணம் வராவிட்டால் அவளே மறுபடி மனுப் போட வேண்டும், அதுவும் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள். அவன் திருப்பூரில் இருக்கிறானா, திருச்சூரில் இருக்கிறானா, மும்பையிலா என்று அவளே துப்புச் சொல்ல வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா ஒருநாள் பீடிக் கூலி போகும். அவனை ஜெயிலில் போட்டாலும் கடன் தீராது என்பது சட்டம். பணமும் வராது என்பது நடப்பு.

இதற்கு வழி இருக்கிறது. ஜெர்மனியில் 1980 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது: பிள்ளையோடு இல்லாத பெற்றவர் பணம் கொடுக்காவிட்டால் அரசு முன்பணமாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் அரசே வசூலிக்கும். 2017இல் அது பதினெட்டு வயது வரை நீண்டது. பிரிட்டன் 1993இல் இதற்கென ஓர் அமைப்பையே தொடங்கியும் வெகுகாலம் தடுமாறியது. தகப்பனிடம் வாங்கிய தொகையைத் தாயின் உதவித்தொகையில் கழித்துக்கொண்டதால், பிள்ளைக்குக் கூடுதலாகப் பெரிதாக எதுவும் வரவில்லை. 2010இல்தான் அந்தக் கழிவை முழுதாக விட்டார்கள். நாம் செய்வதானால் வசூலாகும் பணம் பிள்ளைக்குப் போக வேண்டும். உரிமைத்தொகையில் கைவைக்கக் கூடாது.

கூலிக்காரத் தகப்பனிடம் என்ன வசூலிப்பது என்பார்கள். எல்லாரிடமும் வராதுதான். நோயாளியையும் வேலையற்றவனையும் நெருக்கச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவனை, வைப்புநிதிக் கணக்கு உள்ளவனை, வீடும் நிலமும் பெயரில் வைத்திருப்பவனை ஓர் அரசு கண்டுபிடிப்பது பீடி சுற்றும் பெண் தேடுவதைவிட எளிது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது டாஸ்மாக். தகப்பன் கூலியில் பிள்ளைக்கு வரவேண்டிய பங்கு அங்கே கரைவதற்கு அரசும் பொறுப்பாளி. அந்த வருவாயிலிருந்து ஜீவனாம்ச முன்பணத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கக் கேட்பது நியாயமே.

தமிழக அரசு இந்த முன்பண ஏற்பாட்டை ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்கட்டும்; திருநெல்வேலியிலேயே தொடங்கலாம். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்தின் வயது வரம்பையும் ஐந்தாண்டுக் காத்திருப்பையும், கையில் பிள்ளை உள்ள பெண்களுக்காவது இப்போதே நீக்கட்டும். அதுவரை, பிள்ளையோடு தனித்து நிற்கும் பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்: அவள் குடியிருக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், புருஷன் ஊருக்குப் போக வேண்டியதில்லை. வட்ட சட்டப்பணிகள் குழுவில் கேட்டால், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.