இதணமும் பயம்பும்: சங்கப் பாட்டில் காவலும் வேட்டையும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடபால் அட்டப்பாடியும், தென்பால் பறம்பிக்குளமும், இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கே மறையூரும் சின்னாறும் தமிழக எல்லையை ஒட்டிய மலைநிலங்கள். இருளர், முடுகர், குறும்பர், காடர், மலசர், முதுவர் முதலியோர் வாழும் இம்மலைகளில் மரத்தின்மேல் கட்டப்படும் உயர்ந்த குடிலை மலையாளத்தார் ஏறுமாடம் என்பர். தமிழர் பரண் என்பர். விளைபுனம் காப்போன் ஏறியிருப்பதும் பரண். மானின் வரவு பார்த்து வேட்டையாடுவோன் ஒளிந்திருப்பதும் பரண். பணி இரண்டு, சொல் ஒன்று. இச்சொல்லொருமை சங்கப் பாட்டின் பொருளை எவ்வாறு மறைக்கின்றது என்பது ஆராய்தற்குரியது.

சங்கப் பாட்டில் இவ்வமைப்பிற்கு இதணம், கழுது முதலிய சொற்கள் வழங்குகின்றன. அகராதிகள் இரண்டிற்கும் பரண் என்றே பொருள் தரும். இது பிழையன்று, ஆயின் போதாது. காப்போனுக்கும் வேட்டுவனுக்கும் உயரம் பொதுவாகலாம், ஒலி பொதுவாகாது. மான் செவிக்கூர்மையும் மோப்பக்கூர்மையும் மிக்க விலங்கு. அதற்கென அமைக்கும் மறைவிடத்திற்கு அது வரும் வழியறிதல், காற்றின் போக்கறிதல், அசைவின்மை, ஓசையின்மை ஆகியன இன்றியமையாதவை. தான் இருப்பதை விலங்கு அறியாமற் காப்பதே வேட்டுவன் திறம். காப்போன் திறமோ இதற்கு மறுதலை; தான் இருப்பதை விலங்கு அறியுமாறு செய்தலே அவன் தொழில்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் ஏறியிருக்கும் இதணம் மரத்தின்மேல் அமைந்தது, புலியும் அஞ்சுவது. அவ்விதணத்தில் அவர்கள் கிளிகடி கருவிகளாகிய தழல், தட்டை, குளிர் முதலியவற்றை ஒலித்துத் தினை காக்கின்றனர். மலைபடுகடாத்துக் குறவரோ உயர்ந்த இதணம் ஏறிக் கைகொட்டிக் கவண்கல் வீசி யானையை நிலைபெயர்க்கின்றனர். விசையொடு வரும் அக்கல்லுக்கு ஒதுங்கி மர மறைவிற் செல்லுமாறு கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். இரண்டு பாட்டிலும் இதணம் ஆரவாரத்தின் இடமாகவே நிற்கின்றது.

இவ்வொலி அடங்கினால் நேர்வது யாது என்பதற்கு அகநானூற்று 102ஆம் பாட்டு விடை தருகின்றது. கழுதின்மேல் இருக்கும் கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து காவலை மறந்திருக்கின்றான்; யானை புனத்துட் புகுகின்றது. அந்நிலையில் கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, யானை கதிரையும் கொள்ளாது, நின்ற நிலையும் பெயராது உறங்கிவிடுகின்றது. இசையின் ஆற்றலுக்குச் சான்றாகவே இப்பாட்டினைக் காட்டுவது வழக்கம். கழுதின் தொழிலை அறிந்து நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். கானவன் கைவிட்ட காவலைக் கொடிச்சியின் குரல் அவளறியாமலே நிறைவேற்றுகின்றது; காவலன் வாய் அடங்கிய இடத்தை அவள் பாட்டு நிரப்புகின்றது. கழுதினை வெறும் பரண் எனக் கொண்டால் இந்நயம் தோன்றாது.

இனி, வேட்டுவன் மறைவிடம் பாட்டில் எங்ஙனம் அமைகின்றது எனின், அது மேலே இல்லை, நிலத்தினுள் இருக்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் மழை பொய்த்த காலத்தில், மானின் அடி பதிந்த வழிப்பக்கத்தே, குழியாகிய பயம்பினுள் ஒடுங்கி நள்ளிரவில் பன்றியின் வரவு பார்த்திருக்கின்றனர். விலங்கின் நீர்வேட்கை, அது நடந்த தடம், இருள், ஒடுக்கம் என வேட்டை மறைவிடத்தின் இலக்கணம் முழுவதும் சில அடிகளில் அடங்கிவிடுகின்றது. அவ்வேட்டம் வாயாதாயின் மறுநாட் பகலில் நாயும் வலையுங் கொண்டு முயல் வேட்டம் மேற்கொள்கின்றனர். வறட்சியில் வாழ்வோரின் பசியை இவ்வடைவு உரக்கப் பேசாமலே உணர்த்துகின்றது.

காப்போன் கொல்வதில்லையோ எனின், கொல்வதுண்டு. பன்றி நுழையும் வழிகளில் கல்லாலாகிய அடார் என்னும் பொறி வைத்திருத்தலை மலைபடுகடாமே கூறும். ஆகவே காவலையும் வேட்டையையும் பிரிக்கும் எல்லை கருவியன்று, நோக்கமே. விலங்கு அகலவேண்டும் என்பது இதணத்தின் நோக்கம். அணுகவேண்டும் என்பது பயம்பின் நோக்கம்.

இவ்வேறுபாடு அகப்பொருள் நாடகத்திற்கும் அடிப்படையாகின்றது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வேட்டை நாய்களுடன் வந்து, தன்னிடமிருந்து தப்பிய விலங்குகளைப் பற்றி வினவுவது மகளிர் இதணம் விட்டிறங்கி, அருவியாடிப் பூக்கொய்த பின்னரேயாகும். பிற்காலக் கோவை நூல்கள் இதனை வேழம் வினாதல், கலைமான் வினாதல் எனத் துறைகளாகவே வகுத்தன. வேட்டை, காவலின் எல்லைக்குள் வினாவாக மட்டுமே நுழைகின்றது.

உயரமும் ஓசையின்மையும் ஒருங்கிணைந்த பரணை இக்காலத்தார் மனத்தில் ஆழப் பதித்தது, இரை கட்டிவைத்துப் புலி சுடும் ஆங்கிலேயர் கால வேட்டை வழக்கமாகும். அது இதணத்தின் உயரத்தையும் பயம்பின் மறைவையும் ஒன்றாக்கியது. அவ்வுருவை மனத்திற்கொண்டு சங்கப் பாட்டைப் படிப்போர் புனக்காவலரை வேட்டுவராகக் கருதுதல் எளிது.

இம்மயக்கம் பாட்டளவில் நிற்பதன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மான் வேட்டை குற்றமாயிற்று. பறம்பிக்குளம் 1973இலும் சின்னாறு 1984இலும் விலங்குப் புகலிடங்களாயின. வனத்துள் பயிர் செய்து வாழ்வாரின் நிலவுரிமையை 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் ஏற்றது. ஒரே காட்டில் விலங்கும் உழவும் வாழவேண்டிய இந்நிலையில், மரத்தின்மேல் ஒரு பரணைக் காண்போர் அதனைக் காவலுக்குரியதெனக் கொள்வதா, கொலைக்குரியதெனக் கொள்வதா என்பது ஒரு குடியின் மதிப்பையே பற்றிய வினாவாகும். மேற்காட்டிய பாடல்கள் எல்லாம் இம்மலைகளையே பாடியன அல்ல. பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டுக்குரியது. எனினும் அவ்வினாவை எதிர்கொள்ள அவை ஓர் அளவுகோலைத் தருகின்றன. ஒலி எழுமிடம் இதணம். ஒலி அடங்குமிடம் பயம்பு. உரையெழுதுவோர் இரண்டையும் ஒரு சொல்லால் முடித்துவிடாது, பணி தோன்ற விளக்குதல் வேண்டும்.