அஃறிணையும் ஆளுருவும்: அண்ணாமலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

உயிரில் பொருளையும் கட்புலனாகாப் பண்பையும் மக்களாகக் கருதிப் பேசுதல் எல்லா மொழிக்கும் பொதுவாகும். இதனை இக்காலத் திறனாய்வாளர் மனிதப் பண்பேற்றம் என்பர். ஆய்வேடுகளில் இது பயிலும் இடங்களைத் தொகுத்து எண்ணித் தருதல் வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை திறனாய்வு ஆகாது. ஏற்றப்பட்ட ஆளுரு அவ்விடத்து என்ன தொழில் செய்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், காலம், உலகம், ஞாயிறு, திங்கள் முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளவாயினும் பால் பிரிந்து இசையா என்றார். பொருளியலில், நோயும் இன்பமும் பற்றி நெஞ்சினை உறுப்பும் உணர்வும் மறுமொழியும் உடையது போலக் கூறுதலை உடன்பட்டார். செய்யுளியலில், ஞாயிறும் கடலும் மரமும் புள்ளும் சொல்வன போலவும் கேட்பன போலவும் அமைதலைக் குறித்தார். நன்னூலார் இவற்றோடு இயங்குதலையும் இயற்றுதலையும் சேர்த்துரைத்தார். பொருளியல் முதலாக வந்த இவ்விதிகளில் ‘போல’ என்னும் சொல்லே உயிர்நாடி. பொருளுக்கும் ஆளுக்கும் இடையேயுள்ள எல்லையை அச்சொல் அழியாது காக்கின்றது.

குறளின் உழவு அதிகாரம் இதற்குத் தக்க சான்று. உரியவன் சென்று பாராதிருப்பின் நிலம் மனைவியைப் போலப் புலந்து ஊடும் என்பது வள்ளுவர் கருத்து. பேணாத நிலம் விளையாது என்னும் வேளாண்மை உண்மையும், பேணப்படாத மனைவி புலப்பாள் என்னும் இல்லற உண்மையும் அங்கே ஒருங்கு நிற்கின்றன. நிலம் பெண்ணாகியபோதும் நிலத்தின் இயல்பை இழக்கவில்லை. ‘நிலமகள்’ என வெறும் பெயர் சூட்டி அப்பாற் செல்லும் செய்யுளுக்கு இவ்வாற்றல் இல்லை.

‘போல’ என்பதற்கே இடமில்லாதவழி என் செய்வது? திருவண்ணாமலை இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது. சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் மலையே இறைவன் என்பது அடியார் துணிபு. அவர்க்கு இஃது அணியன்று, மெய்ம்மை. ஆதலின் அணியிலக்கணம் இங்குச் செல்லாது என்பார் ஒருசாரார். சமயம் முழுவதுமே பண்பேற்றந்தான் என்பார் மற்றொரு சாரார். முன்னையோர் மொழியின் தொழிலை மறந்தனர்; பின்னையோர் பாடுவோன் உள்ளத்தை மறந்தனர்.

1896இல் இவ்வூர்க்கு வந்து 1950இல் மறைந்த இரமண மகரிசியின் அருணாசல அட்சரமணமாலையை நோக்குக. நூற்றெட்டுக் கண்ணிகளில் மலை தலைவனாக விளிக்கப்படுகின்றது. பாடுவோர் காதலியின் நிலையில் நின்று இரக்கின்றார், இடித்துரைக்கின்றார். மலையின் மறுமொழி யாது? சொல்லின்றியே உணர்த்திச் சும்மா இருந்தது என்கின்றது ஒரு கண்ணி. பேசாமை கல்லின் இயல்பு. அவ்வியல்பே ஈண்டு ஆசிரியனின் உரையாகின்றது. சொல்லாதன சொல்வது போலப் புனைதல் பழைய மரபு. சொல்லாமையையே சொல்லாக்குதல் அம்மரபின் உச்சம் எனலாம்.

கலையிலும் இதனைக் காணலாம். அடிமுடி தேடிய வரலாற்றைச் சிற்பி இலிங்கோற்பவராக வடித்தபோது, தழற்றூணின் நடுவே ஆளுருவைக் காட்டினான். ஆயின் முடியையும் அடியையும் தூணுக்குள்ளேயே மறைத்தான். உருவம் தூணை விழுங்கிவிடவில்லை. தைத் திங்களில் நிகழும் திருவூடல் விழாவில், அம்மை ஊடி நிற்க, அண்ணாமலையார் திருமேனி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மலையை வலம் வருகின்றது. மலையே அவன் எனின், அவன் தன்னையே சுற்றி வருதல் எங்ஙனம்? இம்முரணை மரபு தீர்க்க முயலவில்லை. ஊடுதற்கும் இரத்தற்கும் ஆளுரு வேண்டும். அளவிறந்து நிற்றற்கு மலை வேண்டும். ஒன்றன்பொருட்டு மற்றொன்றைக் கைவிடாமையே இதன் நுட்பம்.

எனவே, நம்பிக்கை உண்டா இல்லையா என்பது திறனாய்வாளன் அளவுகோல் ஆகாது. ஆளுரு ஏறிய பின்னும் பொருள் தன் இயல்போடு நின்று பேசுகின்றதா என்பதே அளவுகோல். வள்ளுவரின் நிலம் அவ்வாறு நின்றது, அண்ணாமலையும் நிற்கின்றது. அங்ஙனம் நில்லாதவை எத்துணைப் பலவாயினும் பட்டியலுக்கு உதவுமேயன்றிக் கவிதைக்கு உதவா.