எண் இறங்கினால் போதுமா?

ஏர்பேடு வயல்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பக்கத்துத் திருப்பதியில், ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கிராமத்து ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை இருப்பதைக் காட்டியது. இவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர். உணவில் கால்சியம் குறைவு, அதை உடலில் சேரவிடாத ஃபைடேட் அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

ஆரோக்கியமானவர்களிடமே இவ்வளவு குறை இருப்பதால், சிறுநீரக நோயில் பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும்போது தரப்படும் வைட்டமின் டி சிகிச்சையை எடைபோட இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். குறையை நிரப்புவது வேறு. வைட்டமின் டியின் செயல்வடிவ ஹார்மோனையே மருந்தாகக் கொடுப்பது வேறு. 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலக்கிக் குடிப்பது முதல் வகை. 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியால் கேப்சூல் இரண்டாம் வகை. சிறுநீரகம் செய்து தர வேண்டிய கடைசி மாற்றம் முடிந்தே வரும் மருந்து அது. பேச்சில் இரண்டுக்கும் ‘வைட்டமின் டி’ என்று ஒரே பெயர். குழப்பத்தில் பாதி அந்தப் பெயரிலிருந்தே வருகிறது.

கால்சிட்ரியாலின் தர்க்கம் வலுவானது. சுரப்பியை நேரடியாக அடக்குகிறது, பாராதைராய்டு ஹார்மோனின் (பி.டி.எச்.) அளவு நம்பகமாக இறங்குகிறது. அதன் குறையும் அதே வலுவோடு வருகிறது: குடல் கூடுதலாக உறிஞ்ச, ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறுகின்றன, ரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படியும் அபாயம் கூடுகிறது. இதற்கு மாற்றாக வந்த பாரிகால்சிட்டாலுக்கு 2003இல் பெரும் புகழ் கிடைத்தது. அமெரிக்காவில் 67,399 டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளில், கால்சிட்ரியால் பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களிடையே இறப்பு 16 விழுக்காடு குறைவு. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது, முறையோ பலவீனமானது. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. பாரிகால்சிட்டாலைக் குலுக்கல் முறையில் 227 பேரிடம் 48 வாரம் சோதித்த பிரிமோ ஆய்வில் (2012) பி.டி.எச். இறங்கியது, இதயத் தசையின் பருமன் இறங்கவில்லை, கால்சியம் மிகுந்தவர்கள்தான் கூடினார்கள்.

ஜப்பானின் ஜே-டேவிட் ஆய்வு (2018) 976 டயாலிசிஸ் நோயாளிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. கால்சிட்ரியாலின் உறவு மருந்தான ஆல்ஃபாகால்சிடால் இதய நோய்களைக் குறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பாராதைராய்டு மிகைப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. கடுமையான மிகைப்பு உள்ளவருக்கு இம்மருந்து வீண் என்று இந்த ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதினால் அது அநியாயம்.

நம் நாட்டிலிருந்து வந்த சிறந்த சான்று சண்டிகர் ஆய்வு (2017). சிறுநீரக நோயின் மூன்று, நான்காம் நிலைகளில் பற்றாக்குறையோடு இருந்த 120 பேரில் ஒரு பாதிக்கு, எட்டு வார இடைவெளியில் இருமுறை, 3,00,000 யூனிட் சாதாரண வைட்டமின் டி கண்ணெதிரே விழுங்கவைக்கப்பட்டது. மறுபாதிக்கு வெற்று மருந்து. ரத்தக் குழாயின் விரியும் திறன் கூடியது, பி.டி.எச். குறைந்தது. கேள்வி கூர்மை, செயல்முறை சுத்தம். ஆயினும் 16 வாரம் குறுகிய காலம். குழாய் விரிவது ஆயுள் நீள்வதற்கு ஈடாகாது. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது, நீரிழிவு உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பது. இங்கே சிறுநீரகம் இழப்பவர்களில் மிகப் பலர் அவர்கள்தாம்.

ஆக, டயாலிசிஸுக்கு முந்தைய நிலைகளில் முதலில் குறையை நிரப்ப வேண்டும். கால்சிட்ரியாலையும் அதன் உறவு மருந்துகளையும் நான்காம், ஐந்தாம் நிலைகளில் கடுமையாகி ஏறிக்கொண்டே போகும் மிகைப்புக்கு ஒதுக்க வேண்டும். சிறுநீரக நோய்க்கான வழிகாட்டிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கேடிகோவின் 2017 வழிகாட்டியும் செயல்வடிவ மருந்துகளை இவ்வாறே கட்டுப்படுத்துகிறது. அந்த வரம்பு சரியானது என்பதே என் தீர்ப்பு. ஆயுளை நீட்டும் என்ற வாக்குறுதிக்கு மட்டும் இன்றைய சான்றில் இடமில்லை.

டயாலிசிஸில் இருப்பவருக்கு அதே வழிகாட்டி இயல்பின் மேல்வரம்பைப்போல் இரண்டு முதல் ஒன்பது மடங்குவரை பி.டி.எச். இருக்கலாம் என்கிறது. மேல்வரம்பு 65 என்றால் 130 முதல் 585 வரை. பரிசோதனைக் கூடம் 400 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தந்தாலும் அந்த எண் வரம்புக்குள்தான் இருக்கிறது. அதற்காக ஒரு கேப்சூலைக் கூட்டும் முன், எண் ஏறிக்கொண்டே வருகிறதா என்று முந்தைய மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.