காசி ஐயரின் காற்று

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளைப் போட்டால் எல்லோரும் குரலைத்தான் கேட்கிறோம். 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933இலேயே போய்விட்ட அந்த மனிதரின் குரல் அப்படி. ஒருமுறை குரலை விட்டுவிட்டு, அதன் அடியில் ஓடும் ஆர்மோனியத்துக்குக் காது கொடுங்கள். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். தம்பி உதிர்க்கும் பிருகா எங்கே போய் இறங்கும் என்பது அவருடைய விரல்களுக்கு முன்பே தெரியும்.

ஆர்மோனியத்தின் குறை ஊரறிந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு பித்தளை ரீடு. அது தன் ஸ்வரத்தை மட்டுமே பேசும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க அதில் வழியில்லை. ஐரோப்பாவின் பழைய கிளாவிகார்டில் கட்டையை அழுத்தியபடியே விரலை அசைத்தால் ஸ்வரமும் அசையும். பியானோ வந்ததும் அந்த நயம் போய்விட்டது. பாரிஸில் 1840களில் பிறந்த ஆர்மோனியத்துக்கோ அது தொடக்கத்திலேயே வாய்க்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. டில்லி வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸும் ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதியவர். கமகம் என்னும் அந்த ஸ்வர அசைவு பற்றி அவர்கள் சொன்னது சரிதான். வாசிப்பவரின் காற்றை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

நல்ல கை காந்தாரத்தை எடுத்த எடுப்பில் அடிக்காது. காற்றை அடக்கி, பக்கத்துக் கட்டையை லேசாக உரசிக்கொண்டு வரும். ஸ்வரம் நின்றபின் காற்றைக் கூட்டும். அந்த ஏற்றம் காதுக்குள் அசைவாகவே விழும். பிருகாவுக்கு இந்தச் சிரமமும் வேண்டாம். மணிமணியாகப் பிரிந்து விழும் ஸ்வரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் அதன் ஒலி கடைசி வரிசைவரை எட்டவும் செய்தது.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடையோரம் கால் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டே பின்பாட்டும் பாடுவார். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே வள்ளி திருமணம் ஆடுவார்கள். யாருக்கு எந்தச் சுருதி, யார் எங்கே பாட்டை வளர்ப்பார் என்பதெல்லாம் ஆர்மோனியக்காரர் தலையில். விடியும்வரை கால் ஓயாது.

இங்கே மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இன்று ஆர்மோனியம் பஜனைக்குத் துணை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேல்பூச்சைப் பார்க்காதீர்கள். எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை அழுத்துங்கள்; கை எதிர்ப்பை உணர வேண்டும், பொசுக்கென்று இறங்கினால் காற்று கசிகிறது. பிறகு காற்றை மிகக் குறைத்து மந்தர ஸட்ஜத்தைத் தொடுங்கள். தயங்காமல் பேசினால் அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம்.