துண்டு வெட்டுதலும் டிஸ்சார்ஜும்

திருச்சிராப்பள்ளியில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு யாழ்ப்பாணத்திலிருந்து சென்றிருந்தபோது, வைத்திய நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "உங்க ஊர்ல எல்லாம் இலவசம்னு சொல்றீங்க. நர்ஸ் ஊசி போடுவாங்க, சீட்டைக் கையில கொடுத்து அனுப்புவாங்க. அதுக்கு மேல என்ன சார் இருக்கு? ஆராய்ச்சி, சான்றுன்னு செய்றதெல்லாம் இங்கதான்" என்று, மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் சிறிதுமின்றியே கூறினார். பந்தி நடந்துகொண்டிருந்த அவ்விடத்தில் தர்க்கம் செய்வது முறையன்று என்று வாளாவிருந்தேன். ஆயினும் என் தமக்கையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்து அரசாங்க வைத்தியசாலை விடுதிகளிலே தாதியாகக் கழித்தவராதலால், அந்த வார்த்தைக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு.

சான்றின் வழி நடக்கும் தாதியம் என்பது ஏதோ நூதனமான மேனாட்டு மந்திரமன்று. காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்துப் பழகிய சைவ மரபினர்க்கு, முன்னோர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றைச் செய்யாமல், கண்டறிந்த பிரமாணத்தைக் கொண்டு செய்க என்பது அந்நியமான உபதேசமாகாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் நள்ளிரவு தொடங்கி ஒரு மிடறு தண்ணீரும் ஆகாது என்பது பழைய விதி. தெளிந்த நீரை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை அருந்தலாம் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. நாளத்தில் ஏற்றிய குழாயை மூன்று நாளுக்கொருமுறை மாற்றியே தீரவேண்டும் என்ற வழக்கமும், அவுஸ்திரேலியாவில் நடந்து 2012இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியான பெரிய ஆய்வுக்குப் பின் தன் பிடியைத் தளர்த்தியது; வீக்கமோ வலியோ தோன்றும்போது மாற்றினாற் போதும் என்று அந்த ஆய்வு காட்டிற்று.

அந்தக் குழாயை யாழ்ப்பாணத்தில் 'கனுலா' என்பர், திருச்சியில் 'வென்ஃப்ளான்' என்பர். இங்கே விடுதி, அங்கே வார்டு. இங்கே கட்டிலின் தலைமாட்டுச் சீட்டாகிய பி.எச்.டி., அங்கே கேஸ் ஷீட். இங்கே நோயாளர் தாதியை 'மிஸி' என்று அழைப்பர். அங்கே எல்லாரும் 'சிஸ்டர்'. எங்கள் விடுதியில் சிஸ்டர் என்றால் பொறுப்பாக இருக்கும் மூத்த தாதி ஒருவரே. வீட்டுக்கு அனுப்புவதை நாங்கள் 'துண்டு வெட்டுதல்' என்போம், அவர்கள் 'டிஸ்சார்ஜ்' என்பர்.

அத்திருமணத்தை ஒட்டியே என் மைத்துனருக்குத் திருச்சியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடக்க, துணைக்கு நின்றவன் நானாதலால், அனுமதிக்கும் முறையை அருகிருந்து பார்த்தேன். முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டியதும் மணிக்கட்டில் பெயரும் ஐ.பி. எண்ணும் அச்சிட்ட பட்டை ஏறியது. இளஞ்செவிலி ஒருத்தி, "ஐயா, உங்க பேரை நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொன்னதைப் பட்டையோடு ஒப்பிட்ட பின்னரே அடுத்த கேள்விக்குச் சென்றாள். எந்த மருந்து ஒவ்வாது, வீட்டில் என்னென்ன குளிகை, இதற்கு முன் விழுந்ததுண்டா, வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். மறுநாள் விடியலில் அரைக் குவளைத் தண்ணீரும் கொடுத்தாள். இவை அனைத்தும் செவ்வனே நடந்தன. இதிற் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் 2005இல் தோன்றிய வைத்தியசாலைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் விதிகள் அந்நாட்டுத் தனியார் வைத்தியசாலைகளில் இத்தகைய பதிவொழுங்கை வேரூன்றச் செய்திருக்கின்றன.

ஆனால் வீடு திரும்பும் நாளில் அந்த ஒழுங்கு எங்கே போயிற்று? காலையில் டாக்டர் போகலாம் என்றார்; குழாயைக் கழற்றினார்கள்; அதன்பின் காப்பீட்டுக் கொம்பனியின் அனுமதிக்காக வெளிறிய முகத்தோடு கட்டிலோரத்தில் அமர்ந்திருந்தார் மைத்துனர். வேண்டுகோள் கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தரவேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024இல் விதித்திருந்தும், எங்களுக்குப் பொழுது சாய்ந்தது. பில் தீர்ந்ததும், அழகாக அச்சிட்ட ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் தந்து, நின்ற நிலையில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அச்செவிலி ஓடினாள். அவளைக் குறை சொல்லேன். அடுத்த நோயாளி அக்கட்டிலுக்குக் காத்திருந்தார். காசாளரின் மேசையில் கழிந்த நாழிகையெல்லாம் நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு உரிய நாழிகை என்பதே என் ஆற்றாமை.

யாழ்ப்பாணத்தில் துண்டு வெட்டும்போது பணத்தின் பேச்சே எழுவதில்லை. காலைப் பார்வையில் வைத்தியர் தீர்மானித்ததும் நோய் நிர்ணய அட்டை எழுதப்படும்; அது கையெழுத்தில், சில வேளை வாசிக்கச் சிரமமாகவே இருக்கும். மருந்துகள் சிறிய கடதாசி உறைகளில் வரும். என் தமக்கையார் அவ்வுறைகளை நோயாளியின் மடியில் ஒவ்வொன்றாகப் பரப்பி, "அம்மா, இதை எப்ப போடுவியள்? எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர் பிழையாகச் சொன்னால் சினவாமல் மீண்டும் விளக்கி, சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தல் என்று இன்று பாடநூல்கள் வற்புறுத்தும் முறை இதுவே. அதன்பின் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி இடப்படும். நோயாளி வீடு சென்றாலும் அரசாங்கத்தின் கையை விட்டு நீங்குவதில்லை. மகப்பேற்றுத் தாயாயின், பத்து நாளுக்குள் குடும்பநல மாது வீட்டு வாசலுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த பாதுகாப்பு அது. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2020இல் இலங்கையில் இறந்த தாய்மார் ஏறத்தாழ 30 பேர். 2018–20 கணக்கின்படி இந்தியா முழுவதற்கும் 97, தமிழ்நாட்டுக்கு 54. இலவசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்க்கு இந்த எண்களே போதுமான விடை.

தமிழ்நாட்டின் கிராமச் சுகாதாரச் செவிலியரையும், 2021இல் தொடங்கி நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீடு தேடிக் கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் உறவினர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன், அவை மெச்சத்தக்கவை. எங்கள் பக்கத்தில் நெருக்கடி இல்லாமலில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் மருந்துகள் அருகின. பயிற்றப்பட்ட தாதியர் பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சியோர் இரட்டைச் சுமை தாங்குகின்றனர். எங்களுக்கு '1990' என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் நோயாளர் காவு வண்டி வந்ததே இந்தியாவின் நன்கொடையால்தான். 2018இல் அது வடக்கே வந்தபின் காப்பாற்றிய உயிர்களுக்கு நாங்கள் நன்றி மறவோம்.

ஆனால் கொடை ஒரு திசையில் மட்டும் சென்றதன்று. பட்டப்படிப்புத் தாதியத்தை 1946இலேயே தொடங்கிய வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், 1820இல் மிஷனரியாக வைத்தியம் செய்யத் தொடங்கியது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். சென்னைக்குப் போனது 1836இல். வேலூருக்குச் சிகிச்சைக்குச் செல்லும் எங்கள் மக்கள் ஒரு வகையில் தம் உறவின் வீட்டுக்கே செல்கின்றனர்.

ஸ்கடருக்குப் பின் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், தம் மாணாக்கர் தம் மக்களின் மொழியிலேயே கற்கவேண்டும் என்று உறுதிபூண்டு, 1867இல் வெளிவந்த 'இரண வைத்தியம்' முதலாய நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். சத்திரசிகிச்சை முழுவதையும் தமிழில் எழுத அன்று இயன்றிருக்க, ஒரு குளிகையை உணவுக்கு முன் உண்பதா பின் உண்பதா என்பதை இன்று இரு கரையிலும் நோயாளிக்கு ஆங்கிலத்திலேயே எழுதிக் கொடுக்கிறோம். அங்கே அச்சிலும் இங்கே கையெழுத்திலும் என்பதைத் தவிர இதில் வேற்றுமை இல்லை. நோயாளிக்கு விளங்காத அறிவுரையைச் சான்று வழி நடந்த பராமரிப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

யாழ்ப்பாணத்துத் தாதியரையும் தமிழ்நாட்டுச் செவிலியரையும் நான் வேண்டுவது இது: வைத்தியர் எழுதும் அட்டை எம்மொழியிலும் இருக்கட்டும்; அதனோடு தமிழில் ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். மருந்தின் பெயர், உண்ணும் வேளை, புண்ணைக் கழுவும் விதம், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும், எந்தத் தொலைபேசி எண்ணை அழைக்கவேண்டும் என்பவை அதில் இருந்தாற் போதும். அந்தத் தாளை நோயாளியோ அவர் வீட்டாரோ உங்கள் முன்னிலையில் உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே அவர்களை வாசல் கடக்க விடுங்கள்.