எந்தப் பெயரால் அழைப்போம்?

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயருக்குள் இராயப்பர் இருக்கிறார் என்பது இப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. திருத்தூதர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர் அது. இன்று வாசகத்தில் பேதுரு என்று கேட்கிறோம். கோவிலை இராயப்பர் கோவில் என்கிறோம். ஒரு திருத்தூதருக்கு இரு பெயர் இருப்பதால் நமக்கு இடர் ஏதுமில்லை. இறைவனையே அழைக்கும் சொல் மாறும்போது என்ன நேர்கிறது?

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது. பதினாறே பக்கங்கள். முத்துக்குளித்துறை மக்களுக்காக அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார், சைவ மடங்களிலும் வழங்கிய 'தம்பிரான்' என்னும் சொல்லைத் துணிந்து எடுத்தாண்டார். அடுத்த நூற்றாண்டில் தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலியின் எழுத்துகளில் 'சருவேசுரன்' என்னும் பெயர் ஓங்கியது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்', 'கடவுள்', 'ஆண்டவர்' என்னும் சொற்களை நம் நாவில் நிலைபெறச் செய்தது.

இம்மூன்றையும் சீர்தூக்கினால் ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து ஒன்றை இழந்திருப்பது புலனாகும். தம்பிரானில் உறவு உண்டு. அது ஓர் அடியவன் தன் தலைவனை அழைக்கும் சொல். சருவேசுரனில் அனைத்தையும் ஆளும் மாட்சி உண்டு. ஆனால் அது வடமொழியின் உயரத்தில் நின்றது. கடவுள் என்பது தொல்காப்பியத்திலேயே காணப்படும் சொல். அயலாரோடு நாம் பகிர்ந்துகொள்ளும் சொல். எனினும் அது பொதுப்பெயரே. உறவின் இடத்தை 'ஆண்டவர்' என்னும் சொல்லே நிரப்புகிறது.

அச்சொல்லின் ஆழம் பெரிது. யூதர்கள் இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை அச்சத்தோடும் அன்போடும் உச்சரிக்காமல், 'ஆண்டவர்' எனப் பொருள்படும் சொல்லால் வாசித்தனர். அதே சொல்லால் இயேசுவை அழைக்கத் தொடக்கத் திருச்சபை துணிந்தது. அதுவே நம் விசுவாச அறிக்கையின் முதல் வடிவம். 2008-இல் திருவழிபாட்டுப் பேராயம், வழிபாட்டில் அந்த நான்கெழுத்துப் பெயரை ஒலிக்க வேண்டாம் என ஆயர் பேரவைகளுக்கு மடல் எழுதியதும் இதனாலேயே. ஆகவே, பெயர் எதுவானால் என்ன என்று நாம் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த உண்மையையே தவறாகக் கையாண்டவன் நான். குருவான புதிதில், இக்கடற்கரையில் மரணப் படுக்கையில் கிடந்த மீனவத் தாய் ஒருவருக்கு நோயிற்பூசுதல் வழங்கச் சென்றேன். "சேசுவே, சேசுவே" என்று முனகிக்கொண்டிருந்தார். "அம்மா, இயேசுவே என்று சொல்லுங்கள்" என்றேன். "சரி சாமி" என்றார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. செபத்தை நான் ஒருவனே சொல்லி முடித்தேன்.

சேசு போர்த்துக்கீசியர் வழி வந்த ஒலி. இயேசு கிரேக்கத்தின் வழி வந்தது. நாசரேத்தில் அன்னை மரியா தம் மகனை இவ்விரு ஒலிகளாலும் அழைத்திருக்கமாட்டார். 'ஆண்டவர் மீட்கிறார்' என்னும் பொருள் இரண்டுக்கும் ஒன்றே. அந்தத் தாய் அறுபது, எழுபது ஆண்டுகளாகப் புயலிலும் பசியிலும் அழைத்த பெயரை, மீட்பு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் நான் அவர் நாவிலிருந்து பறித்துவிட்டேன்.

பொதுவழிபாட்டில் ஒரே சொல் வேண்டும். இறைமக்கள் ஒரே குரலில் செபிக்க அது உதவும். 1995-இன் தெரிவை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் திருத்தும் உரிமை பீடத்தோடு நிற்க வேண்டும், படுக்கையருகே வரக்கூடாது. எரியும் முட்புதரில் இறைவன் தம் பெயரை வெளிப்படுத்தியது, எகிப்தில் அடிமைகளின் அழுகுரலைக் கேட்ட பிறகு அல்லவா? பெயருக்கு முன்பே கூக்குரல் அவரை எட்டியிருந்தது.

உங்கள் இல்லத்து முதியோர் எந்தப் பெயரால் இறைவனை அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இன்றிரவுச் செபத்தில் ஒருமுறையேனும் அவர்களோடு சேர்ந்து அதே பெயரால் அழையுங்கள்.